வெள்ளையைக் காப்பாத்தின கதை

நீர்வண்ணத்துல வெள்ளைங்கறது பெயிண்ட் இல்லீங்க, காகிதம்தான். நிறம் ஏறிட்டா போச்சு. போன மாசம் ஒரு அருவி வரைய மாஸ்கிங் ஃப்ளூயிட் தடவி, பத்து நாள் மறந்துட்டேன். உரிச்சா காகிதத்தோட தோலும் சேர்ந்தே வந்தது. அந்தக் கடுப்பில் தேடிப் படித்ததுதான் இது.

இந்தக் குப்பி வருவதற்கு முன்னால் டர்னர் சுரண்டினார். 1818-ல் ஃபார்ன்லி ஹாலில், நண்பர் ஃபாக்ஸின் மகன் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு போர்க்கப்பல் படத்தை ஒரே காலைப்பொழுதில் முடித்தாராம். அலையெல்லாம் கட்டைவிரல் நகத்தால் கீறினது! யார்க்ஷயர்க்காரர் ஃபிரான்சிஸ் நிக்கல்சன் நிதானமான ஆள். தேன்மெழுகையும் டர்பன்டைனையும் வெள்ளை நிறத்தோடு குழைத்து, வெளிச்சம் வேண்டிய இடத்தில் பூசிவிட்டு, மேலே தைரியமாக நிறம் தீட்டினார். அப்புறம் மெழுகைக் கரைத்து எடுப்பார். பாடிக் துணிக்காரர்கள் செய்கிற அதே வேலை. 1799-ல் லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் இந்த ரகசியத்தை வெளியிட்டது.

இன்றைய குப்பியில் பெரும்பாலும் ரப்பர் பால். உறையாமலிருக்க அமோனியா. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைப்பது அதுதான். 1876-ல் விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் கியூ தோட்டம் வழியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. அங்கே பால்மரம் சீவப் போனவர்களில் எங்க அம்மாவோட தாத்தாவும் ஒருத்தர். இருட்டோட எழுந்து போவாராம். வேட்டியில் ஒட்டின பால் எத்தனை துவைத்தாலும் போகாது என்று பாட்டி சொல்லும். என் பிரஷ்ஷிலிருந்தும் போகலை :)

அருவியில் கிழிந்த இடம் நுரை மாதிரியே இருக்காம், வீட்டுல சொல்றாங்க. அப்படியே விட்டுட்டேன்.