கணக்கையும் அறிவியலையும் யார் வாசிக்கக் கற்பிப்பது?



வாசிப்பைக் கற்பிப்பது தமிழ்மொழி ஆசிரியரின் பணி மட்டுமே என்னும் எண்ணம் நம் பள்ளிகளில் வேரூன்றியுள்ளது. அதன் குறை வெளிப்பட்ட காலம் ஒன்றுண்டு.

2003 ஜனவரியில் முதலாம் ஆண்டு, படிவம் ஒன்று, கீழ் ஆறாம் படிவம் ஆகியவற்றில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படலாயின. சீனப்பள்ளிகள் சீனமொழிப் போதனையையும் உடன் தொடர்ந்தன. தமிழ்ப்பள்ளிகள் ஆங்கிலத்திற்கே மாறின. மடிக்கணினி வந்தது, குறுவட்டுகள் வந்தன. பாடநூலை மாணவர் எவ்வாறு வாசிப்பது என்ற பேச்சு மட்டும், நான் கண்டவரையில், எழவேயில்லை. அம்முதல் அணியினர் 2008இல் யூ.பி.எஸ்.ஆர். எழுதியபொழுது வினாக்கள் இருமொழியில் அமைந்தன. ஆறாண்டுகள் 'இவாபரேஷன்' என்று படித்த பிள்ளைக்கு 'ஆவியாதல்' புதுச்சொல்லன்றோ!

2009 ஜூலை 8ஆம் நாள், இக்கொள்கை 2012 முதல் கைவிடப்படும் என அரசு அறிவித்தது. நாம் மகிழ்ந்தோம். ஆயினும், தமிழ் திரும்பியதும் வாசிப்புச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. கதையைத் தடையின்றி வாசிக்கும் நான்காம் ஆண்டு மாணவர், 'தற்சார்பு மாறி' என்ற சொல்லின்முன் நின்றுவிடுகிறார். குளிர்ந்த குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் உள்ளன என்பது உற்றறிதல். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்தது என்பது ஊகித்தல். இரண்டையும் மாற்றி எழுதுவோர் அறிவியல் அறியாதவர் அல்லர். வினாவை வாசிக்கத் தெரியாதவர்.

கணிதத்திலும் இதே நிலைதான். "அலியிடம் 48 கோலிகள் உள்ளன. இது முத்துவிடம் உள்ளதைவிட 12 அதிகம். முத்துவிடம் எத்தனை?" 'அதிகம்' என்பதைக் கண்டதும் கூட்டி 60 என்று எழுதுவோர் பலர். விடை 36. மேலும் பத்துக் கூட்டல் கணக்குகள் கொடுத்தால் இப்பிழை திருந்தாது. 'இது' எதைச் சுட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு தானே திருத்திக்கொள்ளும். பெற்றோரும் வீட்டில் இதைச் செய்யலாம்.

நம் ஊரிலேயே நல்ல வாசிப்புப் பகுதி உண்டு. 1970களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவுகளால் ஜுரு ஆறு மாசடைந்து, கோலா ஜுரு மீனவர்களின் பிழைப்பு கெட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணைநின்றது. இதை ஒரு பக்கமாக எழுதி வகுப்பில் கொடுத்தேன். காரணத்தையும் விளைவையும் கோடிட்டுப் பிரித்தோம். எது நடந்தது, எது நம் ஊகம் என்று வாதிட்டோம். "டீச்சர், இது அறிவியலா, தமிழா?" என்று ஒரு மாணவி கேட்டாள். கால அட்டவணைப்படி அது வரலாற்றுப் பாடவேளை.