விழுந்ததும் எழுப்பலாமா?

வழங்கியில் (சர்வர்) ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் நடுராத்திரியில் திடீரென்று நின்றுவிட்டால்? காவலுக்கு இன்னொரு நிரலை வைத்து, விழுந்ததும் மறுபடி ஓட வைத்துவிடலாம். இன்று பெரும்பாலான லினக்ஸ் வழங்கிகளில் நடப்பது இதுதான். ஆனால் இந்தக் கலை முதலில் வளர்ந்தது தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில்.

1965-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பெல் நிறுவனம் 1 ஈ.எஸ்.எஸ். என்ற மின்னணு எக்ஸ்சேஞ்சை இயக்கத் தொடங்கியது. நாற்பது வருடத்தில் மொத்தமே 2 மணி நேரம்தான் அது நிற்கலாம் என்பது இலக்கு! அதனால் கட்டுப்பாட்டுக் கணினியையே இரண்டாக வைத்தார்கள். நம் நாட்டில் 1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட்டும் இதே வழியில்தான் போனது. 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் அதன் முதல் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் வந்தது. 128 இணைப்புகள், ஏ.சி. தேவையில்லை. அதன் பிறகு வந்த பெரிய சி-டாட் எக்ஸ்சேஞ்சுகளிலும் ஒரு கணினி வேலை செய்ய, இன்னொன்று தயாராகக் காத்திருந்தது.

எல்லாம் சரி, எழுப்புவதே வினையானால்?

1990 ஜனவரி 15. நியூயார்க்கில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் ஒரு எக்ஸ்சேஞ்சில் சின்னக் கோளாறு. வடிவமைத்தபடியே அது சில விநாடிகளில் தன்னைச் சரிசெய்துகொண்டு எழுந்து, பக்கத்து எக்ஸ்சேஞ்சுகளுக்கு அழைப்புகளை அனுப்ப ஆரம்பித்தது. 'இவன் திரும்பி வந்துவிட்டான்' என்று அவை குறித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தியும் வந்து விழுந்தது. புதிதாக ஏற்றிய மென்பொருளில் இருந்த பிழையால் அவையும் விழுந்தன. அவையும் எழுந்தன, தங்கள் பக்கத்தாரை வீழ்த்தின. 114 எக்ஸ்சேஞ்சுகள், சுமார் 9 மணி நேரம்! சி மொழியில் எழுதிய நிரலில் ஒரு 'பிரேக்' கட்டளை இடம் மாறி இருந்ததுதான் காரணம். எந்த இயந்திரமும் உடைந்து போகவில்லை என்பதுதான் வேடிக்கை. சமிக்ஞை வலையின் சுமையைக் குறைத்த பிறகே ஆட்டம் அடங்கியது.

எப்போது எழுப்பக் கூடாது என்பதையும் காவல் நிரல் தெரிந்துவைத்திருக்க வேண்டும் அல்லவா? லினக்ஸின் பழைய 'இனிட்', ஒரு நிரல் 2 நிமிடத்தில் 10 தடவை விழுந்தால் 5 நிமிடம் அதைத் தொடாது. எரிக்சன் நிறுவனத்தில், அதுவும் எக்ஸ்சேஞ்சுக்காகவே, ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் குழுவினர் 1986-ல் தொடங்கிய எர்லாங் மொழியில் இது இன்னும் அழகு. விழுகிற நிரல் விழட்டும் என்று விட்டுவிடுவார்கள். மேலே ஒரு மேற்பார்வையாளர் எழுப்புவார். எழுப்பியும் எழுப்பியும் விழுந்தால் அவரும் கைவிட்டு, தனக்கு மேலே இருப்பவரிடம் தள்ளிவிடுவார். அரசு அலுவலகக் கோப்பு மாதிரி!

2010-ல் வந்த சிஸ்டம்-டி-யில், வேறு எதுவும் சொல்லாவிட்டால், 10 விநாடிக்குள் 5 தடவைதான் வாய்ப்பு. அதற்கு மேல் நிர்வாகிதான் எழுந்து வர வேண்டும்.