பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம்

பதுளை மாவட்டத்தில், பண்டாரவளை நகரை அடுத்த பிந்துனுவெவவில் இயங்கிய அரச முகாம் இது. விடுதலைப் புலிகளோடு தொடர்புடையவர்கள் என்ற சந்தேகத்தில் பிடிபட்ட தமிழ் இளைஞர்களும் சரணடைந்தவர்களும் இங்கே வைக்கப்பட்டிருந்தனர். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலையில் நடந்த படுகொலையால்தான் இந்த ஊரின் பெயர் நாட்டுக்கு வெளியேயும் தெரியவந்தது.

ஆயுதம் ஏந்திய இளைஞரைத் திருத்திப் பயிற்சி கொடுத்து ஊருக்கு அனுப்பலாம் என்ற கொள்கை இலங்கைக்குப் புதிதல்ல. 1971இலும் 1987–89இலும் நடந்த ஜே.வி.பி. கிளர்ச்சிகளுக்குப் பிறகு பிடிபட்ட சிங்கள இளைஞர் பலர் இவ்வாறே புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டனர். வடக்கு கிழக்கில் போர் நீண்டபோது அதே வழி தமிழ் இளைஞருக்கும் வந்தது. சமூக நலனும் தொழிற்பயிற்சியும் அதன் நோக்கம் என்றார்கள். உள்ளே அனுப்பிவைத்ததோ அவசரகாலச் சட்ட விதிகள். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்படாமலேயே ஓர் இளைஞனை அடைத்துவைக்க முடிந்தது. எப்போது வீடு திரும்புவான் என்பது அவனுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. இந்தக் கொள்கையின் அடிப்படைக் குறையே இதுதான்.

பிந்துனுவெவவில் அப்போது இருந்தவர்கள் 41 பேர். பெரும்பாலானோர் வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர்கள். சிலர் பதினெட்டு வயதும் நிரம்பாதவர்கள். ஒக்டோபர் 24 மாலை, விடுதலை தாமதமாவது பற்றியும் தங்களுக்கு வரும் கடிதங்கள் கைக்குக் கிடைக்காதது பற்றியும் அவர்கள் முகாம் அதிகாரிகளோடு தகராறு செய்தனர். பொலிஸார் வரவழைக்கப்பட்டனர். இரவோடு இரவாக முகாமை அகற்றக் கோரும் சுவரொட்டிகள் நகரில் முளைத்தன.

விடிந்ததும் பெருங்கூட்டம் கத்தி, பொல்லு, இரும்புக் கம்பிகளோடு முகாமுக்குள் புகுந்தது. வெட்டியும் அடித்தும் தீயிட்டும் 27 பேரைக் கொன்றது. எஞ்சிய 14 பேர் காயங்களோடு தப்பினர். ஆயுதம் தரித்த பொலிஸார் சுமார் 60 பேர் அங்கே இருந்தும் கும்பலைத் தடுக்கவில்லை. அரசு தன் காவலில் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் அரசின் துப்பாக்கிகளுக்கு முன்னாலேயே செத்தார்கள்.

செய்தி பரவியதும் மலையகம் கொதித்தது. வடக்கின் போரிலிருந்து விலகி நின்ற தோட்ட மக்களும் தெருவுக்கு வந்தனர். தலவாக்கலை உள்ளிட்ட நகரங்களில் பதற்றம் மூண்டு ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது.

ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 2001இல் நீதிபதி பி.எச்.கே. குலதிலக தலைமையில் விசாரணை ஆணைக்குழுவை நியமித்தார். வழக்கில் 41 பேர்மீது குற்றப்பத்திரம் தாக்கலானது. 2003 ஜூலை முதலாம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் பொலிஸ் அதிகாரிகள் இருவருக்கும் பொதுமக்கள் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. 2005 மே 27இல் உயர் நீதிமன்றம் எஞ்சியிருந்தவர்களையும் விடுவித்தது. இத்தனை உயிர்கள் பட்டப்பகலில், பலர் பார்க்கப் பறிக்கப்பட்டும் தண்டனை பெற்றவர் ஒருவருமில்லை. இலங்கை நீதித்துறை இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

2009இல் போர் முடிந்ததும் இதே கொள்கை பன்மடங்கு விரிந்தது. சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களைக் கடந்து வந்தனர். பிறகு போதைப்பொருளுக்கு அடிமையானோரும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தனர். பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூனில் மூண்ட மோதலில் ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அதே ஆண்டு அரசு கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், முன்னாள் போராளிகளையும் வன்முறைத் தீவிரவாதக் குழுக்களைச் சேர்ந்தோரையும் தன் வரம்புக்குள் சேர்த்திருந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் ஒக்டோபரில் தீர்மானித்தது. அந்த இரு பிரிவினரும் வரம்பிலிருந்து நீக்கப்பட்ட பின், 2023 ஜனவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது.