தும்பறை மலைத்தொடர் (நக்கிள்ஸ் பாதுகாப்பு வனம்)

இலங்கையின் மத்திய மலைநாட்டிலிருந்து பள்ளத்தாக்கொன்றால் பிரிந்து, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலைத்தொகுதி. மடவளை, வத்தேகம வழியாகப் பன்வில பக்கம் போவோர் இதன் மேற்குச் சரிவுகளில் ஏறுகின்றனர். மடக்கிய கைவிரல் முட்டிகளைப் போல் சிகரங்கள் தெரிந்ததால் ஆங்கிலேய நிலஅளவையாளர் இதற்கு ‘நக்கிள்ஸ்’ என்று பெயரிட்டனர். மிக உயர்ந்த சிகரம் கொம்பனிய (1,906 மீட்டர்).

இயற்கை

மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையையும், கிழக்குச் சரிவு வடகிழக்குப் பருவமழையையும் பெறுகின்றன. அதனால் சில கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே முகில் தவழும் மலைக்காடு, புல்வெளி, வறண்ட காடு மூன்றையும் காணலாம். ஹுலு கங்கை, ஹீன் கங்கை, களு கங்கை ஆகியன இங்கிருந்து இறங்கி மகாவலியின் நீரைப் பெருக்குகின்றன. மூக்கில் இலை போன்ற உறுப்புள்ள ‘செரட்டோஃபோரா டென்னென்டீ’ ஓணானுக்கும், 2006இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட ‘கோஃபோட்டிஸ் தும்பறா’ என்னும் சிற்றோணானுக்கும் உலகில் வேறெங்கும் இருப்பிடமில்லை.

பாதுகாப்பின் வரலாறு

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை வந்தது. கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டுவதை அரசு 1873இல் தடுத்தது. மழையையும் ஆற்றுநீரையும் காப்பதே அன்றைய நோக்கம்; காட்டுயிர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஏலக்காய் காட்டுக்குள்ளேயே புகுந்தது. நிழலுக்காகப் பெருமரங்கள் விடப்பட்டன. கீழ்வளரும் செடிகளும் மரக்கன்றுகளும் வெட்டப்பட்டன. காயை உலர்த்த விறகு எரிக்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காடு பசுமையாகவே தெரிந்தது. உள்ளே அடுத்த தலைமுறை மரங்கள் முளைக்கவில்லை. 1980களின் நடுப்பகுதியில் இங்கு ஏலச் செய்கை தடைசெய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் இது பாதுகாப்பு வனமானது. பொறுப்பு வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உரியது.

2010இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றுடன் ‘இலங்கையின் மத்திய மலைநாடு’ என்னும் பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இம்முறை காரணம் உயிர்ப்பல்வகைமை.

இன்றைய நிலை

காலநிலை வெப்பமாகும்போது மலையுயிர்கள் குளிர்ச்சி தேடி மேலே நகரும். ஏற்கெனவே முகட்டில் வாழும் சிற்றோணானுக்கு அதற்கு மேல் மலை இல்லை. ஆகவே எல்லையிட்டுக் காப்பதோடு, ஏலத்துக்காக அடிவளர்ச்சி இழந்த இடங்களில் மரக்கன்றுகள் மீண்டும் தழைக்க இடம் கொடுப்பதும் இவ்வனத்தின் தேவை.