கவாத்தும் இதயமும்: இந்தியப் பள்ளியில் ஒரு பாடவேளையின் வரலாறு

தமிழில் வழங்கும் 'கவாத்து' என்ற சொல் உருது வழியாக வந்தது. அதன் வேர் அரபியில் உள்ளது. 'காயிதா' என்றால் விதி. அதன் பன்மை 'கவாயித்'. உருதுவில் அச்சொல் இலக்கணத்தையும் குறிக்கும், படைப்பயிற்சியையும் குறிக்கும். சொற்களை ஒழுங்கில் நிறுத்தும் விதிகளும் சிப்பாய்களை ஒழுங்கில் நிறுத்தும் விதிகளும் ஒரே பெயரைப் பெற்றன. பிரித்தானிய இந்தியாவின் பள்ளிகளுக்குள் உடற்பயிற்சி நுழைந்தபோது, பெரும்பாலும் இந்தப் பொருளைச் சுமந்துகொண்டே நுழைந்தது. 'டிரில் மாஸ்டர்' என்ற பெயர் பள்ளிகளில் நெடுங்காலம் நிலைத்திருந்ததற்கும் இதுவே காரணம்.

இச்சொல்வரலாறு இன்று ஒரு மருத்துவக் கேள்வியோடு வந்து சேர்கிறது. உடற்கல்விப் பாடவேளை குழந்தைகளின் கொலஸ்டிராலைக் குறைக்குமா? அவர்களுடைய இதயத்தைக் காக்குமா? இக்கேள்விக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் ஆய்வு முடிவுகளை மட்டுமே பார்க்கின்றனர். அந்தப் பாடவேளை எந்த நோக்கத்திற்காக உருவாக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அம்முடிவுகளின் பொருள் விளங்கும்.

1882-இல் ஹண்டர் தலைமையில் அமைந்த இந்தியக் கல்விக் குழு, மாணவரின் உடல் வளர்ச்சிக்காக நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், டிரில் ஆகியவற்றை ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது. நடைமுறையில் வென்றது டிரில்தான். அதற்கு மைதானம் சிறிதளவு போதும், கருவிகள் வேண்டா, ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் நூறு மாணவரை ஒரே நேரத்தில் நடத்திவிடலாம். இருபதாம் நூற்றாண்டில் தேசிய இயக்கம் இதற்கு மாற்றாகத் தன் சொந்த உடற்பண்பாட்டை முன்வைத்தது. 1914-இல் அமராவதியில் தோன்றிய அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அதன் சிறந்த சான்று. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடற்பயிற்சியாளரை ஆசிரியராக்கும் முயற்சியைத் தொடங்கியது. 'டிரில்' என்பது 'உடற்கல்வி' ஆனது இந்த மாற்றத்தின் வழியாகத்தான்.

விடுதலைக்குப் பின்னும் நோக்கம் பெரிதும் மாறவில்லை. இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றிய ஜெனரல் போன்ஸ்லே 1954-இல் தில்லியில், பிரிவினையால் இடம்பெயர்ந்தோரின் குழந்தைகள் படித்த கஸ்தூர்பா நிகேதனில் தேசிய ஒழுங்குத் திட்டத்தைத் தொடங்கினார். 1857-இன் நூற்றாண்டு நினைவாக 1957-இல் குவாலியரில் இலட்சுமிபாய் பெயரில் உடற்கல்விக் கல்லூரி எழுந்தது. 1959-இல் அமைக்கப்பட்ட குன்ஸ்ரு குழு, தனித்தனியே இயங்கிய திட்டங்களை ஒன்றிணைக்கச் சொன்னது. 1965-இல் தேசிய உடற்தகுதிப் படை உருவாயிற்று. ஒழுங்கு, நாட்டுணர்வு, படைத்தகுதி ஆகிய மூன்றுமே இத்திட்டங்களின் மையச் சொற்கள். குழந்தையின் உடல் நாட்டுக்குப் பயன்பட வேண்டிய ஒன்றாகக் கருதப்பட்டது. அந்த உடலுக்குள் ஐம்பது ஆண்டு கழித்து அடைபடப்போகும் தமனி எவர் கண்ணிலும் படவில்லை.

இதற்காக அந்தத் தலைமுறையைக் குறைகூற இயலாது. இதயத்தைப் பற்றிய அறிவே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. 1953-இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. முதலாவது ஜெரி மாரிஸ் இலண்டன் பேருந்துத் தொழிலாளரிடம் செய்தது. நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரட்டை அடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது. இரண்டாவது ஆய்வு கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் உடற்கூறாய்வு. அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 22. நான்கில் மூவருக்கு மேற்பட்டோரின் இதயத் தமனிகளில் கண்ணுக்குத் தெரியும் நோய்க்குறிகள் காணப்பட்டன. மாரடைப்பு முதுமையின் நோய் என்ற நம்பிக்கை அங்கேயே ஆட்டம் கண்டது. இளைஞரின் தமனியில் நோய் இருக்கிறது என்றால், அதன் தொடக்கத்தைச் சிறுவரிடம்தான் தேட வேண்டும்.

அமெரிக்காவிலும் பள்ளி உடற்கல்வி உடனே இந்தப் பக்கம் திரும்பிவிடவில்லை. தசை வலுவையும் வளைவையும் சோதிக்கும் கிராஸ்–வெபர் தேர்வில் அமெரிக்கக் குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட மிகப் பின்தங்கினர் என்ற செய்தி 1955 ஜூலையில் அதிபர் ஐசனோவரிடம் எடுத்துரைக்கப்பட்டது. அரசை உலுக்கியது நாட்டின் வலிமை குறித்த கவலையே. செப்டம்பரில் ஐசனோவருக்கே மாரடைப்பு ஏற்பட்டது. 1956-இல் இளைஞர் உடற்தகுதிக்கான மன்றம் அமைந்தது. தலைவரின் இதயமும் சிறுவரின் உடற்தகுதியும் ஒரே கோடைக்குப் பின் பேசப்பட்டன. ஆயினும் இரண்டையும் இணைத்து ஆராய இன்னும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அந்த இணைப்பு 1973-இல் லூசியானா மாநிலத்தின் பொகலூசா என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. ஜெரால்டு பெரன்சன் அங்குள்ள குழந்தைகளின் இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், உடல் எடை ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். விபத்து முதலிய காரணங்களால் இறந்துபோன 2 முதல் 39 வயது வரையிலான 204 பேரின் தமனிகளை ஆராய்ந்த முடிவு 1998-இல் வெளிவந்தது. தமனிச் சுவரின் கொழுப்புக் கீற்றுகள் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகின்றன. கொழுப்பு, இரத்த அழுத்தம், உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவை ஒன்றுசேரச் சேர அவை மிகுகின்றன என்று அது காட்டியது.

இனி எஞ்சியது ஒரு கேள்வி: பள்ளி இதை மாற்ற முடியுமா? அதைச் சோதித்த பெரிய முயற்சி 'கேட்ச்' ஆய்வு. 1991 முதல் 1994 வரை நான்கு அமெரிக்க மாநிலங்களில் 96 தொடக்கப் பள்ளிகளில், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடம் இது நடந்தது. உணவில் கொழுப்பு குறைந்தது. உடற்கல்விப் பாடவேளையில் குழந்தைகள் உண்மையாகவே ஓடியாடிய நேரம் ஏறத்தாழ 37 விழுக்காட்டிலிருந்து 52 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் இரத்தக் கொலஸ்டிராலிலும் இரத்த அழுத்தத்திலும் திட்டம் நடந்த பள்ளிகளுக்கும் மற்றவற்றுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இம்முடிவைக் கொண்டு உடற்கல்வியால் பயனில்லை என்று தீர்ப்பெழுதுவது எளிது. அது தவறான தீர்ப்பாகும். பள்ளித் திட்டங்கள் பலவற்றைத் தொகுத்து 2009-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, அவை உடல் எடைக் குறியீட்டையும் இரத்த அழுத்தத்தையும் பொதுவாக மாற்றவில்லை என்றும், இதய–நுரையீரல் திறனையும் கொலஸ்டிராலையும் நல்வழியில் மாற்றின என்றும் கண்டது. சுவிட்சர்லாந்தில் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓராண்டுக்கு அன்றாடம் உடற்கல்வி பெற்ற குழந்தைகளின் உடற்கொழுப்பு குறைந்தது. மூச்சுத் திறன் உயர்ந்தது. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது கொழுப்பில் கண்ட பயன் மறைந்திருந்தது. மூச்சுத் திறனில் கண்ட பயன் எஞ்சியிருந்தது. முடிவுகள் ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போகவில்லை. ஆயினும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: உடற்கல்வி முதலில் மாற்றுவது இதயத்தின் ஆற்றலை, இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள எண்களை அன்று.

'கொலஸ்டிரால்' என்ற ஒற்றைச் சொல்லே இங்குக் குழப்பத்தை விளைவிக்கிறது. அன்றாடப் பேச்சில் அது ஒரே பொருளாக ஒலித்தாலும், ஆய்வகத்தில் அது பல எண்களாகப் பிரிகிறது. தமனியில் படியும் எல்.டி.எல். கொழுப்பை உடற்பயிற்சி சிறிதே அசைக்கும். டிரைகிளிசரைடின் நிலை வேறு. உழைக்கும் தசையின் நுண்குழாய்களில் உள்ள ஒரு நொதி, இரத்தத்தில் மிதக்கும் டிரைகிளிசரைடை உடைத்துத் தசைக்கு எரிபொருளாகத் தருகிறது. தசை நெடுநேரம் சும்மா இருந்தால் அந்நொதியின் செயல் குன்றும். டிரைகிளிசரைடு ஏறும், காக்கும் கொழுப்பாகிய எச்.டி.எல். இறங்கும். உடலசைவுக்குச் செவிசாய்ப்பவை இவ்விரண்டுமே.

இந்தியக் குழந்தைகளின் இரத்தம் இந்த இடத்தில்தான் கவனத்திற்குரியதாகிறது. 2016–18 காலத்தில் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் உள்ளடக்கியது. அவர்களுள் மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. ஆனால் காக்கும் எச்.டி.எல். குறைந்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர். 5 முதல் 9 வயதினரில் மூன்றில் ஒருவருக்கு டிரைகிளிசரைடு மிகுந்திருந்தது. மரபும் உணவும் இதில் பங்கு வகிக்கின்றன; எனினும், அமெரிக்கப் பள்ளியில் உடற்கல்வியால் அசையாத எண் இங்கே முதன்மைச் சிக்கல் இல்லை. உடலசைவுக்கு அசையும் எண்களே இங்கே கெட்டிருக்கின்றன.

மெலிந்த தோற்றம் இதை மறைத்துவிடுகிறது. தில்லியில் 1969–72-இல் பிறந்தோரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. 26 முதல் 32 வயதுக்குள் சர்க்கரைக் கோளாறு கண்டவர்கள், மழலைப் பருவத்தில் மெலிந்திருந்து, பின் பள்ளிப் பருவம் முழுதும் சீராக எடை கூடியவர்கள். ஆயினும் 12 வயதில் அவர்களுள் எவரும் பருமனானவராக இருக்கவில்லை. வகுப்பாசிரியர் பார்வைக்கு அவர்கள் இயல்பான பிள்ளைகளே. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு 53 வயதை ஒட்டி வந்தது. பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. அதே ஆய்வில், நோயற்ற தெற்காசியரிலும் முறையாக உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவிலேயே இருந்தனர். பிற நாடுகளில் இருபதுக்கு மேல்.

சட்டமும் கொள்கையும் இப்பாடவேளையை மறக்கவில்லை. 2005 தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பத்தாம் வகுப்பு வரை உடல்நலமும் உடற்கல்வியும் கட்டாயம் என்றது. 2009 கல்வியுரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்றது. சி.பி.எஸ்.இ. 2018-இல் 9 முதல் 12 வகுப்புகளுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளையை விதித்தது. தாளில் இருக்கும் பாடவேளை தேர்வுக் காலத்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடனாகச் செல்வதை இந்தியாவில் படித்த எவரும் அறிவர். அக்கடன் திருப்பிச் செலுத்தப்பட்டதில்லை.

கடன் போகாத நாளிலும் கவாத்து முற்றிலும் விலகிவிடவில்லை. வருகைப் பதிவு, வரிசை அமைத்தல், ஒரே பந்துக்காக நாற்பது பேர் முறைகாத்து நிற்றல் ஆகியவற்றில் நேரம் கரைகிறது. கேட்ச் ஆய்வின் தொடக்கத்தில், வசதி மிக்க நாட்டிலேயே பாடவேளையின் 37 விழுக்காடுதான் உண்மையான அசைவாக இருந்தது. 40 நிமிடப் பாடவேளையில் அது 15 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம்.

ஒழுங்குக்காகப் பிறந்த பாடவேளையை இன்று கொலஸ்டிரால் எண்ணால் மட்டும் அளந்தால் அது தோற்கும். தோற்றால் அதைப் பறிப்பதும் எளிதாகும். குழந்தைக்கு மூச்சு வாங்கிற்றா, எத்தனை நிமிடம் வாங்கிற்று என்று அளந்தால் படம் மாறும். ஆண்டிறுதியில் கணக்கு ஆசிரியர் அந்தப் பாடவேளையைக் கேட்டு வரும்போது, தலைமையாசிரியர் அவரிடம் சொல்வதற்கு ஒரு விடை உண்டு: கேட்கப்படுவது ஓய்வு நேரம் அன்று, இந்த வகுப்பில் பலருக்கு மருந்தின்றிச் சரியாகக்கூடிய ஒரு குறையின் மருத்துவ நேரம்.