திருநெல்வேலிக் கிறித்தவச் சிற்றூர்களும் தருமசங்கமும்

தமிழகத்துக் கிறித்தவ வரலாறு எழுதினோர் பெரும்பாலும் குருமார் வரலாற்றையே எழுதியுள்ளனர். சுவார்ட்ஸ் எப்பொழுது வந்தார், இரேனியஸ் எவ்வூரில் தங்கினார், கால்டுவெல் என்னென்ன நூல்கள் இயற்றினார் என்பன விரிவாகக் கிடைக்கின்றன. அவர்தம் சொற்கேட்டுச் சமயம் மாறிய மக்கள் அடுத்த நாட் காலையில் எங்குக் குடியிருந்தனர், எவர் நிலத்தில் பனையேறினர், நோயும் பஞ்சமும் வந்தபோது எவர் வாயிலில் நின்றனர் என்னும் வினாக்களோ போதிய அளவு எழுப்பப்படவில்லை. இவற்றுக்கு விடை காணாது, அச்சமயம் அம்மக்கள் வாழ்வில் யாதாயிற்று என்பதை அறிதல் அரிது. திருநெல்வேலிச் சீமையின் தென்கீழ்ப் பகுதியில் தோன்றிய சிற்றூர்களைச் சான்றாகக் கொண்டு அவ்விடையை ஒருவாறு தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஊர்ப்பெயர்களும், அம்மக்களிடை வழங்கிய சில சொற்களும் இத்தேட்டத்தில் ஏடுகளினும் மிகுதியாகத் துணைபுரிகின்றன.

பாளையங்கோட்டைச் சபையின் பழம் பதிவேடு 1780ஆம் ஆண்டினது. அதிற் காணப்பெறும் பெயர்கள் நாற்பது. முதற்பெயர் குளோரிந்தா என்னும் மராட்டியப் பார்ப்பனக் கைம்பெண்ணினது. ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவருடன் மணவினையின்றி வாழ்ந்தமையால் அவர்க்குத் திருமுழுக்களிக்கச் சுவார்ட்ஸ் முதலில் இசைந்திலர். படைத்தலைவர் இறந்த பின்னர், 1778இல், பாளையங்கோட்டையில் அளித்தார். அவ்வம்மையார் முயற்சியால் எழுந்த கோயில் 1785இல் திறக்கப்பட்டது. மக்கள் அதனைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றனர். அவர் வெட்டுவித்த கிணற்றைப் பாப்பாத்தி அம்மாள் கிணறு என்றனர். சமயம் மாறியும் குலப்பெயர் மாறாமல் மக்கள் நாவில் நின்றது நோக்கத்தக்கது. எனினும் கோயிலொடு கிணறும் சேர்த்தே நினைக்கப்பட்டமை அதனினும் நோக்கத்தக்கது. நீர்நிலை அமைத்தல் தமிழர் பழைய அறங்களுள் ஒன்று. புதுச்சமயத்தின் முதற்பெண் அவ்வறத்தைக் கைவிட்டிலர்.

பாளையங்கோட்டைச் சபை படைவீட்டை அடுத்த நகர்ச்சபை. பல குலத்தாரும் அதில் இருந்தனர். தேரி நிலத்துச் சிற்றூர்களின் நிலை வேறு. சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியிற் பிறந்த தாவீது சுந்தரானந்தம் தஞ்சையிற் கிறித்தவராகித் தம் சுற்றத்தாரிடம் மீண்டார். அவரைப் பின்பற்றியோர் தொல்லைகளுக்கு உள்ளாயினர். அவர்கள் தொழுகை நடத்திய குடில் எரிக்கப்பட்டது. ஆகவே 1799இல் புதிதாக நிலம் வாங்கி ஓர் ஊர் அமைத்தனர். அதற்கு முதலூர் எனப் பெயரிட்டனர். விவிலியப் பெயரோ அயல்நாட்டார் பெயரோ சூட்டாது, ‘நமக்கு இது முதல் ஊர்’ எனும் பொருள்படப் பெயரிட்ட எளிமை போற்றற்குரியது.

தாவீதின் வரலாற்றில் ஒரு நெருடல் உண்டு. தம் மக்களைத் தாக்க வருவோரைத் தடுத்தற்பொருட்டுத் ‘தடிக்கம்புச் சேனை’ ஒன்றை அவர் திரட்டினார். பகைவரையும் நேசிக்கக் கற்பிக்கும் சமயத்திற்கு இச்செயல் ஒத்ததா என்னும் வினா இயல்பாகவே எழும். எரிந்த குடிலின் அருகே நின்றவர்க்கும், நூற்றாண்டு கழித்து ஏடு புரட்டுவார்க்கும் இவ்வினா ஒரே வகையாகத் தோன்றாது. தடி எடுத்தமையை நாம் புகழவேண்டுவதில்லை. ஆயினும், சமயம் அவர்கட்குத் தனிமனிதன் உள்ளத்தளவில் நில்லாது, அண்டை வீட்டான் உயிர்க்கும் பொறுப்பேற்பதாய் இருந்தது என்பதற்கு அச்சேனையும் ஒரு சான்றே.

1802இல் கெரிக்கே என்பாரும் சத்தியநாதன் என்னும் தமிழ்க் குருவும் ஆயிரக்கணக்கானோர்க்குத் திருமுழுக்களித்தனர். பின்னர் நிகழ்ந்தவற்றை வரலாற்றாசிரியர் ‘புறக்கணிக்கப்பட்ட காலம்’ எனச் சுருங்கக் கூறிச் செல்வர். தஞ்சைக் குருமாரின் மேற்பார்வை தளர்ந்தது; கொள்ளை நோய் வந்தது; பலர் பழைய வழிபாட்டுக்கு மீண்டனர். ஆயினும் படைவீட்டுக் குருவாக 1816இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப், மூவாயிரம் பேரளவிற் கிறித்தவர் பல ஊர்களிற் பரவியிருக்கக் கண்டார். முதலூரும் நாசரேத்தும் அவற்றுட் பெரியன. ஆபிரகாம் என்னும் நாட்டுக்குருவும், உபதேசியார் சிலரும், ஊர்மூப்பருமே அவர்களைப் பேணிவந்தனர். இந்த உண்மை, இச்சபைகள் அயல்நாட்டார் பொருளால் மட்டுமே நிலைபெற்றன என்னும் கூற்றை வலுவிழக்கச் செய்கின்றது. கொடுப்பார் இல்லாத ஆண்டுகளில் அவை அழிந்தில. குறைந்தன, ஆயினும் நின்றன. மீண்டு சென்றோர் தொகையைக் கொண்டு இம்மக்களின் பற்றுறுதியை அளப்போர், நின்றோர் தொகையையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

ஈண்டு ஒரு சொல்லைக் கருதுதல் தகும். ‘ஊழியம்’ என்பது தென்கோடிச் சீமைகளில், குறிப்பாகத் திருவிதாங்கூர்ப் பகுதியில், கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலையைக் குறித்த சொல். அதே சொல்லைக் கிறித்தவத் தமிழ் இறைபணிக்கும், பிறர்க்குச் செய்யும் தொண்டிற்கும் எடுத்துக்கொண்டது. பணிவிடை எனும் பொதுப்பொருள் இரண்டற்கும் அடிப்படையாய் இருந்ததென்பது மெய்யே. எனினும் தேர்வடம் இழுக்கவும் சுமை சுமக்கவும் அழைக்கப்பட்ட மக்களின் செவியில், விரும்பிச் செய்யும் தொண்டுக்கும் ஊழியம் என்றே பெயர் வழங்கியபோது, அச்சொல் எத்தகைய மாற்றத்தை உணர்த்தியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சொற்பொருள் வளர்ச்சியை ஆராய்வார் அகரமுதலிகளை மட்டும் நோக்காது, அச்சொல்லைப் பேசியவர் முதுகையும் நோக்குதல் நன்று.

இரேனியஸ் பாளையங்கோட்டைக்கு 1820இல் வந்தார். தமிழறிஞர்க்கு அவர் அறிமுகம் வேண்டாதவர். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் கற்றவர். 1832இல் ‘பூமி சாஸ்திரம்’ என்னும் நூலையும், பின்னர்த் தமிழ் இலக்கணம் ஒன்றனையும் வெளியிட்டவர். மக்கள் அவரை இரேனியஸ் ஐயர் என்றே வழங்கினர். அவர் விரைவில் உணர்ந்த உண்மை, இவ்வூர்களின் இடர் நிலத்தைப் பற்றியது என்பதாகும். பனையேறிப் பிழைப்போன் குடியிருந்த மனையும் ஏறிய மரமும் பெரும்பாலும் பிறர்க்குரியன. நிலக்கிழாருக்கு அவன் புதுவழிபாடு பிடிக்கவில்லையெனின் மனையைவிட்டு இறங்குக எனலாம். பதநீர்க்காலத்தின் நடுவே மரத்தை வேறொருவனுக்குப் பாட்டத்திற்கு விடலாம். வழக்கு மன்றம் சென்று வெல்லுதற்கு அவனிடம் காலமும் இல்லை, காசும் இல்லை.

இவ்விடர்க்குத் தீர்வாக 1830இல் தோன்றியதே தருமசங்கம். நிலமும் மனையும் விலைக்கு வாங்கி இடருற்றோரைக் குடியேற்றுதல், வழிபாட்டில்லமும் பள்ளியும் அமைத்தல் ஆகியன அதன் பணிகள். வெளியார் நன்கொடைகளும் அதற்கு உதவின என்பதை மறைத்தல் வேண்டா. ஆயினும் தருமம் என்னும் சொல்லை அதற்கு இட்டமை பொருளுடைத்து. தமிழ்நாட்டில் தருமம் வாயிலில் நிற்பார்க்கு இடுவதாகப் பெரிதும் கருதப்பட்டது. சங்கமோ இடுவோரும் பெறுவோரும் ஒரே திண்ணையில் அமர்வதற்கு இடமாயிற்று. ஈவோன் என்றும் ஈவோனாகவும் ஏற்போன் என்றும் ஏற்போனாகவும் இருக்கும் முறைக்கு இது மாறானது என்பது எம் கருத்து.

இங்ஙனம் தோன்றியனவும், இவற்றிற்கு முன்னும் பின்னும் தோன்றியனவுமாகிய ஊர்களின் பெயர்கள் மூவகைப்படும். சாயர்புரம் ஒரு வணிகர் பெயரால் அமைந்தது. புலியூர்க்குறிச்சி, பொருளுதவிய புருசியநாட்டு டோனா பிரபுவின் பெயரால் 1827இல் டோனாவூர் ஆயிற்று. நாசரேத்து முதலியன விவிலியப் பெயர்கள். மூன்றாம் வகையே நம் ஆராய்ச்சிக்கு உரியது: மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம், கடாட்சபுரம். கடாட்சம் என்பது கடைக்கண் நோக்கு. இறைவன் அருள் நோக்கினைக் குறிக்கச் சைவரும் வைணவரும் நெடுங்காலம் ஆண்ட சொல். அருளைப் பாட்டிற் பாடுதல் எளிது. அதனை ஊர்க்குப் பெயராக்கி, நில வரி செலுத்தும்போதும் திருமணம் பேசும்போதும் அன்றாடம் சொல்லுதல் வேறு. முன்னர் நெடுவிளை எனப்பட்ட மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமசும், இடையன்குடியிற் கால்டுவெல்லும் கிணறு வெட்டி, மரம் நட்டு, நேர் தெருக்கள் அமைத்தனர். இவற்றை முன்னரே பலர் எழுதியுள்ளனர்.

இனி, இவ்வூர்கள்மீது கூறப்படும் இரு குறைகளை ஆராய்வாம். பொருளும் புகலிடமும் கருதியே மக்கள் வந்தனர் என்பது ஒன்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் பல்லாயிரவர் சபைகளை நாடியது இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும். பசித்தோன் சோறுள்ள இடத்தை நாடுதல் குற்றமன்று. அவன் வந்த காரணத்தை வினவுவதினும், பஞ்சம் நீங்கிய பின் அவன் என் செய்தான் என வினவுதலே வரலாற்று முறை. சிலர் மீண்டனர், பலர் தங்கினர், தங்கியோர் மக்கள் பள்ளி சென்றனர்.

மற்றொரு குறைக்கு இத்துணை எளிதில் விடையிறுக்க இயலாது. இவ்வூர்களிற் பெரும்பாலன ஒரே குலத்தார் ஊர்களாக அமைந்தன. கல்கத்தா அத்தியட்சர் வில்சன் 1833இல் சபைகளுள் சாதி வேற்றுமை பாராட்டலாகாது எனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையில் அது பெரும் பூசலை விளைத்தது. நெல்லைச் சிற்றூர்களிற் பூசல் குறைந்தமைக்கு, அங்கு உடனுண்ண வேண்டிய பிற குலத்தார் குறைந்தமையும் ஒரு காரணமாகும். இடருற்றோர் ஒருங்கு வாழ எழுப்பிய வேலி, பிறரைப் புறத்தே நிறுத்தும் வேலியாகவும் பயன்பட்டது. குருமாரும் குற்றத்திற்கு நீங்கியவர் அல்லர். கால்டுவெல் 1849இல் அம்மக்களைப்பற்றி வெளியிட்ட நூல் அவர்களைப் புண்படுத்தியது. நாசரேத்துப் பகுதியைச் சார்ந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை அதனை வன்மையாக மறுத்தார். அவர் 1857இல் அயல்நாட்டார் தலைமையை முற்றும் நீக்கிப் பிரகாசபுரத்தில் இந்துக் கிறித்தவத் திருச்சபையை நிறுவினார். அவரைப் பிரிவினைக்காரர் என ஒதுக்குதல் வழக்கமாயிற்று. தன்மதிப்பின்றிப் பெறும் உதவி அருளாகாது என்பதை இச்சீமையில் முதலில் உரக்கச் சொன்னவருள் ஒருவராக அவரைக் கொள்ளுதலே பொருந்தும்.

விவிலியத் தமிழில் ‘கிருபை’, ‘உக்கிராணக்காரன்’ என்னும் இரு சொற்கள் உள்ளன. உக்கிராணம் பண்டசாலை, உக்கிராணக்காரன் பிறர் பொருளைக் காத்து உரியார்க்கு அளந்து கொடுப்பவன். பேதுருவின் முதல் நிருபத்தில் இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன: பெற்ற கிருபை பெற்றவனுக்கே உரியதன்று, பங்கிடற்கு உரியது என்பது அதன் கருத்து. இக்கருத்தைச் சிற்றூர்ப் பெண்டிர் கற்றது நூலிலிருந்து அன்று, உலைப்பானையிலிருந்து. சோறாக்கும் போதெல்லாம் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனிக்கலத்தில் இட்டு வைப்பர். அது திரண்டபின் சபைக்குச் சேரும். இதற்குக் கைப்பிடி அரிசி எனப் பெயர். காசு காணாத வீட்டிலும் கொடுக்க ஒன்று உண்டு என்பதை இவ்வழக்கம் காட்டியது. பனைத்தொழிலாளர் கருப்புக்கட்டி கொணர்ந்தனர். அசனப் பண்டிகையில் ஊரார் அனைவரும் ஓரிடத்துச் சமைத்ததை உண்டனர். அசனம் என்பது உணவைக் குறிக்கும் வடசொல். பிற வழக்கிற் பெரிதும் அருகிய அச்சொல் இங்கு விழாவின் பெயராகவே நிலைத்துவிட்டது.

கைப்பிடி அரிசியின் வழக்கம் எத்துணைத் தொலைவு சென்றது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் நிறுவப்பட்டது. இந்தியப் பணியாளர், இந்தியப் பணம் என்பன அதன் இரு கோட்பாடுகள். அதன் முதற் செயலாளர் வெள்ளாளன்விளையில் ஊர்க்குருவின் மகனாக 1874இற் பிறந்த அசரியா. பெற்றுவந்த சபை கொடுக்கும் சபையாயிற்று. அதன் பணியாளர் நிசாம் நாட்டுத் தோர்ணக்கல் சென்று தெலுங்கு கற்றனர். ஏழாண்டு கழித்து எடின்பரோ மாநாட்டில் பேசிய அசரியா, மேனாட்டுக் குருமாரின் ஈகையையும் தியாகத்தையும் மனமார ஒப்புக்கொண்டார். பின்னர், அவற்றோடு நட்பையும் தருமாறு அவர்களைக் கேட்டார். அவையோர் சிலர்க்கு அது கசந்தது. 1912 டிசம்பரிற் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.