பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்த ஐவர்

பத்திரிகை அலுவலகங்களில் ஒரு காலத்தில் அச்சுக்கோப்பாளர் அறை என்று ஒன்று இருந்தது. ஈய எழுத்துகளை இடவலம் மாறிய நிலையிலேயே, அதுவும் தலைகீழாக, நாம் நேரே வாசிப்பதைவிட வேகமாக வாசிக்கக்கூடிய மனிதர்கள் அங்கே நின்றார்கள். ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பிய பிழை அவர்களது விரலுக்குத் தப்பாது. பின்னர் புரோமைட் வந்தது. கத்தரிக்கோலும் பசையும் கொண்டு பத்திகளை வெட்டி ஒட்டிப் பக்கம் அமைத்தோம். அதன் பின்னர் ஒரு நாள் பேஜ்மேக்கர் வந்தது. அறையே இல்லாமற் போயிற்று.

அந்த மென்பொருளை எழுதியவர்கள் யார் என்று நம்மில் எவரும் அன்று கேட்டதில்லை. எங்கள் தொழிலை இந்த அளவுக்குப் புரட்டிப்போட்டவர்களின் பெயர்களைப் பல ஆண்டுகள் கழித்தே நான் தேடி அறிந்தேன். அவர்களுட் தலைமையானவர் ஒரு பத்திரிகைக்காரர் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பா, கோபமா என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

போல் பிரெயினெர்ட் 1947இல் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் பிறந்தவர். ஒரெகன் பல்கலைக்கழகத்தில் மாணவர் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதழியலில் முதுமாணிப் பட்டம் பெற்று, மினியாபொலிஸ் நகரின் நாளிதழ் ஒன்றில் சேர்ந்தார். செய்தி எழுதுவதைவிடப் பத்திரிகை எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதிலேயே அவரது நாட்டம் இருந்தது. அந்நாளிதழ் அட்டெக்ஸ் என்ற நிறுவனத்தின் கணனி முறைமையை வாங்கியபோது அதனைச் செயற்படுத்தும் பணி அவருக்கு வாய்த்தது. பின்னர் அட்டெக்ஸிலேயே அவர் பணியாளரானார். விலை கொடுத்து வாங்கியவரின் வலி என்ன என்பதை அறிந்த பின்னரே விற்பவரின் பக்கம் சென்றவர் அவர். மென்பொருள் துறையில் இத்தகைய பாதை அரிது.

1981இல் அட்டெக்ஸை கோடக் வாங்கியது. சிறிது காலத்தில் சியாட்டில் நகருக்கு அண்மையில், றெட்மண்டில் இருந்த கிளையை மூடுவதென முடிவாயிற்று. பிரெயினெர்ட் அங்கிருந்த பொறியியலாளர் நால்வரை அழைத்தார். ஜெரமி ஜேக், மார்க் சன்ட்ஸ்ட்ரொம், மைக் டெம்பிள்மன், டேவ் வோல்டர் என்பன அவர்களது பெயர்கள். தமது சேமிப்பில் ஏறத்தாழ ஓர் இலட்சம் டொலரை அவர் முன்வைத்தார். தமக்குச் சம்பளம் இல்லை. பொறியியலாளர்களுக்குப் பாதிச் சம்பளம். பணம் தீர்வதற்குள் ஒரு மாதிரியை உருவாக்கி முதலீட்டாளரைக் கண்டுபிடிக்க வேண்டும். இது 1984இல் நடந்தது.

அவர்கள் முதலில் செய்தது மென்பொருள் எழுதுவதன்று. காரில் ஏறித் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். வழியெங்கும் ஒரெகனிலும் கலிபோர்னியாவின் வடபகுதியிலும் இருந்த சிறு பத்திரிகை அலுவலகங்களுக்குள் நுழைந்து, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டார்கள். பத்திரிகைக்காரரின் பழக்கம் பிரெயினெர்ட்டை விட்டுப் போகவில்லை என்றே நான் இதனைக் கருதுகிறேன். கேட்டதில் ஒன்று தெளிவாயிற்று. பத்திரிகைகளுக்கு விருப்பம் இருந்தது. ஆனால் ஒன்றை வாங்குவதற்கு அவை எடுத்துக்கொள்ளும் காலம் இச்சிறு நிறுவனத்தின் ஆயுளைவிட நீளமானது. ஆகவே பத்திரிகைகளுக்கென்று தொடங்கிய திட்டம், துண்டுப் பிரசுரமும் செய்திமடலும் அச்சிடும் எவருக்கும் உரியதாக மாற்றப்பட்டது. பத்திரிகைக்காரர் ஒருவர் பத்திரிகைகளை நம்பித் தொழில் நடத்த முடியாது என்று முடிவெடுத்ததில் உள்ள கசப்பு நம்மவர்களுக்குப் புரியும்.

அந்தப் பயணத்தின்போது ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்திலேதான் நிறுவனத்துக்குப் பெயரும் கிடைத்தது. வெனிஸ் நகரில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூட்டியஸின் பெயர் அது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு நூல்களை அச்சிட்டுப் பரப்பியவர்; சாய்வெழுத்தை 1501இல் நூல்களுக்குள் கொண்டுவந்தவர். ஆனால் அந்தச் சாய்வெழுத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற கைவினைஞர். உரிமை மனூட்டியஸின் பெயரில் பதிவாகியது. கிரிஃபோ மனமுறிந்து வேறிடம் சென்றார். அப்பெயரைத் தெரிவுசெய்தவர்கள் கதையின் இந்தப் பகுதியையும் வாசித்தார்களோ தெரியாது.

முதலீட்டாளர்கள் எளிதில் அகப்படவில்லை. மென்பொருள் நிறுவனத்தில் பணத்தைப் போடுவது அன்று வழக்கமான காரியமன்று. இயந்திரம் இருந்தால் கடன்காரர் வந்து தூக்கிச் செல்லலாம், மென்பொருளில் எதைத் தூக்கிச் செல்வது? 50 அளவிலான நிறுவனங்களின் கதவைத் தட்டி, கையிருப்பு வற்றும் தறுவாயில் ஒரேயொரு நிறுவனம் 8 இலட்சத்து 64 ஆயிரம் டொலரைத் தர முன்வந்தது.

1985 ஜூலையில் பேஜ்மேக்கர் விற்பனைக்கு வந்தது. விலை 495 டொலர். அதன் வெற்றி அதற்கு மட்டும் உரியதன்று. அதே ஆண்டு மார்ச்சில் அப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டர் என்ற அச்சுப்பொறியை 6,995 டொலருக்கு வெளியிட்டிருந்தது. அதனுள்ளே ஜோன் வோர்னொக், சார்ள்ஸ் கெஷ்கே ஆகியோரின் அடொபி நிறுவனம் உருவாக்கிய போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரண மொழி இயங்கியது. அச்சுப்பொறியிலிருந்த நினைவகம் அதனை இயக்கிய மக்கின்ரொஷ் கணனியில் இருந்ததைவிட அதிகம். ஒரே கோப்பை அலுவலகத்தில் அச்சிட்டுப் பார்த்து, பின்னர் அச்சகத்தின் உயர்தர இயந்திரத்துக்கும் அனுப்பலாம் என்பதே போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் சிறப்பு. கணனி, அச்சுப்பொறி, மென்பொருள் மூன்றையும் வாங்க ஏறத்தாழ 10,000 டொலர் போதும். அதுவரை பத்திரிகைகள் இலட்சக்கணக்கில் செலவிட்ட வேலை அது. விற்பனை சரிந்துகொண்டிருந்த மக்கின்ரொஷ் கணனிக்கு இதனாலேயே மறுவாழ்வு கிடைத்தது. இம்முறைக்கு மேசைப் பதிப்பு என்ற பொருளில் பெயர் சூட்டியவரும் பிரெயினெர்ட்டே என்பர்.

பேஜ்மேக்கரைத் திறந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். திரையின் நடுவில் பக்கம். அதனைச் சுற்றி வெறும் இடம். இடம் கிடைக்காத படத்தையோ பத்தியையோ அந்த வெளியில் போட்டு வைக்கலாம். அது நாம் புரோமைட் ஒட்டிய பலகையின் ஓரமேதான். ஒட்டுப்பலகையின் முன் நின்று பழகியவன் கணனிக்கு அஞ்சாமல் உட்காரக் காரணம் அந்த வெற்றிடம். அதைத் திரையில் வைக்க வேண்டும் என்ற எண்ணம், பக்கம் ஒட்டுவதைக் கண்ணால் கண்டவர்களுக்கே தோன்றியிருக்கும்.

1987இல் ஆல்டஸ் பங்குச் சந்தைக்குச் சென்றது. அவ்வாண்டளவில் வின்டோஸுக்கான பேஜ்மேக்கரும் பரவத் தொடங்கியது. இலங்கையில் எங்கள் கைகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்த வடிவமே. படங்களைச் சேமிக்க இன்றும் பயன்படும் டிஃப் என்ற கோப்பு வகையும் ஆல்டஸின் ஆக்கமே.

பாதிச் சம்பளத்துக்கு உழைத்த பொறியியலாளர்கள் என்னவானார்கள்? ஜேக்கும் வோல்டரும், ஆல்டஸின் மற்றொரு பொறியியலாளரான டெட் ஜோன்சனுடன் சேர்ந்து 1990இல் தனி நிறுவனம் தொடங்கினார்கள். வரையத் தெரியாதவரும் தொழில்சார் வரைபடங்களை அமைக்க உதவும் விசியோ என்ற மென்பொருள் 1992இல் அவர்களிடமிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்ட் அந்நிறுவனத்தை நூறு கோடி டொலருக்கும் அதிகமான விலைக்கு வாங்கியது. மூடப்பட்ட கிளை ஒன்றிலிருந்து வெளியேறிய மனிதர்கள் 16 ஆண்டுகளில் சென்றடைந்த இடம் அது. பிரெயினெர்ட்டோ 1994இல் ஆல்டஸை அடொபியுடன் இணைத்துவிட்டு விலகி, தமது செல்வத்தின் ஒரு பகுதியைச் சூழல் பாதுகாப்புக்கென அறக்கட்டளை அமைத்துச் செலவிட்டார்.

எங்கள் அச்சுக்கோப்பாளர்களுக்கு இத்தகைய இரண்டாவது அத்தியாயம் எழுதப்படவில்லை. சிலர் தட்டச்சுப் பழகினார்கள். அவர்களுள் மிகத் திறமையானவர் என்று நான் மதித்த ஒருவர், விசைப்பலகையின் முன் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு, ‘தம்பி, இதிலை எழுத்தின்ரை பாரம் தெரியேல்லை’ என்று கூறிப் போனார். பிறகு வரவில்லை. ஒரே இயந்திரம் றெட்மண்டில் ஒருவருக்கு ஏணியாகவும் கொழும்பில் ஒருவருக்கு வாசற்படியாகவும் அமைந்தது. அதற்குப் பிரெயினெர்ட்டைக் குறைகூற மாட்டேன். ஆனால் மென்பொருள் வரலாறுகளில் முதலாமவரைப் பற்றி மட்டுமே வாசிக்கக் கிடைக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டே நாம் அதனை ஏமாற்றினோம். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணனி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, பின்னர் ஓர் அரைப்புள்ளி. தமிழின் புள்ளிக்குரிய விசையாக அமைந்தது அந்த அரைப்புள்ளி. அரைப்புள்ளியை முதன்முதலில் அச்சில் பயன்படுத்தியது வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சகம் என்பது எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்.

ஆனால் விளைவு வேடிக்கையானதன்று. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அடொபி 1999இலேயே இன்டிசைன் என்ற புதிய மென்பொருளுக்கு மாறத் தொடங்கியிருந்தது. அதன் வேர்களும் ஆல்டஸில் இருந்தவையே. பழைய கோப்புகளைத் திறக்க உரிய பதிப்பும் வேண்டும், உரிய எழுத்துருவும் வேண்டும். 1990களில் நாம் அமைத்த பக்கங்கள், போர்க்காலச் செய்திகளும் மரண அறிவித்தல்களும் உட்பட, நெகிழ்வட்டுகளிலும் இறுவட்டுகளிலும் ஜே, கே, பி, ஓ என்று கிடக்கின்றன. எழுத்து மாற்றிகள் உண்டு. எனினும் எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அமைக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். ஈயத்தில் கோத்து அச்சிட்ட அதற்கு முந்திய இதழ்களோ, கறையான் அரித்தவை போக, இன்றும் எடுத்து வாசிக்கத்தக்கனவாக இருக்கின்றன.